எத்தனை நாளைக்கு வைக்க வேண்டும்?

"ஹைட்ரஜன்" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். "மறுபடியும் வந்துவிட்டீர்களா?" என்றார். போன மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மன்னார்குடியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் அது. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் விவசாயிகள், மற்றவர்கள் ஆசிரியர்கள், ஓரமாகப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேர். எங்கள் பக்கத்தில் 'ஹைட்ரோ' என்று எது தொடங்கினாலும் அது ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம் நடந்த நெடுவாசலில் போய்த்தான் நிற்கும். முதலில் மீத்தேன் என்றார்கள், பிறகு ஹைட்ரோகார்பன் என்றார்கள், இப்போது ஹைட்ரஜனா என்று அவர் கேட்டதில் எனக்குக் கோபமே வரவில்லை. அது மண்ணுக்குள்ளிருந்து எடுப்பது, இது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது என்று விளக்கினேன். உட்கார்ந்தார். ஆனால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்ட விதத்திலேயே அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. உண்மையைச் சொன்னால் சந்தேகத்தில் பாதி நியாயம் இருந்தது. இன்று உலகத்தில் தயாராகும் ஹைட்ரஜனில் ஆகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. நானே இருபத்தாறு ஆண்டுகள் ஓர் உரத் தொழிற்சாலையின் அம்மோனியா பிரிவில், கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாஃப்தாவை நீராவியோடு சேர்த்து உடைத்து ஹைட்ரஜன் எடுத்தவன். தண்ணீரிலிருந்து எடுப்பதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி, சாராயக்கடையில் வேலை பார்த்துவிட்டு மோர்ப்பந்தல் வைப்பவனின் தகுதிதான்.

அன்றைக்கு என் பேச்சு தயாரிப்பைப் பற்றியது இல்லை, சேமிப்பைப் பற்றியது. ஹைட்ரஜனைத் தயாரிப்பதைவிட அதை வைத்துக்கொள்வதுதான் பெரிய பாடு. எடையில் அதுபோல ஆற்றல் மிகுந்த எரிபொருள் இல்லை: ஒரு கிலோவில் 33 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கிலோ, சாதாரண அழுத்தத்தில் பன்னிரண்டு கன மீட்டர் இடத்தை அடைக்கும். நடுத்தர வீட்டின் குளியலறை போதாது, படுக்கையறையில் பாதி வேண்டும். அதைச் சுருக்கி வைக்க உலகத்தில் என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் ஓர் அட்டவணையாகப் போட்டிருந்தேன். அழுத்தி அடைப்பது, குளிரவைத்துத் திரவமாக்குவது, அம்மோனியாவாக மாற்றுவது, எண்ணெய் போன்ற கரிமத் திரவத்தில் ஏற்றுவது, உலோகத்துக்குள் உறிஞ்ச வைப்பது, பூமிக்கடியில் உப்புக் குகையில் தேக்குவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மொத்த எடையில் ஹைட்ரஜன் நூற்றுக்கு எவ்வளவு, ஒரு கன மீட்டரில் எத்தனை கிலோ, அடைப்பதற்கு எவ்வளவு ஆற்றல் செலவு என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் நீடித்த தன்மைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டியிருந்தேன். மூன்று இரவு உட்கார்ந்து செய்த வேலை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கூட்டம் முடிந்து சித்தப்பாவும் நானும் வடுவூர் வழியாகப் போகும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினோம். சித்தப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து, சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து தழைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி மடியில் செருகிக்கொண்ட பிறகுதான் கேட்டார். "ஏன் தம்பி, இத்தனை வகை சொன்னாயே, இதையெல்லாம் எத்தனை நாளைக்கு வைக்க வேண்டும்?"

"அது தேவையைப் பொறுத்தது சித்தப்பா."

"அந்தத் தேவை உன் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் இருந்தது?"

நான் பேசவில்லை. "நாளைச் சோற்றுக்கு வைப்பதும் விதைக்கு வைப்பதும் ஒன்றா?" என்று சொல்லிவிட்டு மறுபடி உளுந்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். இறங்கும்வரை வேறு பேச்சு இல்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கஜா வைத்த கணக்கு

அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது 2018 நவம்பர் ஞாபகத்துக்கு வந்தது. 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் ஊரில் மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. சித்தப்பா வீட்டுக்கு மின்சாரம் திரும்ப இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. தெருவுக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து, மேல்தொட்டி நிரம்பும் நேரம்வரை ஓட்டி, அடுத்த வீட்டுக்கு மாற்றினார்கள். அலைபேசிக்கு மின்னேற்ற ஆளுக்குப் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ வாங்கினார்கள். அந்த இருபது நாளை வாழ்ந்தவர் கேட்கும் 'எத்தனை நாளைக்கு' என்பது தத்துவக் கேள்வி இல்லை.

ஆகவே கணக்கை அவர் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். அவருடைய கொல்லையில் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இருக்கிறது. ஆறு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 25 யூனிட் இழுக்கும். அந்த 25 யூனிட்டை ஹைட்ரஜனாகச் சேர்த்து வைத்து, எரிபொருள் மின்கலம் (ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து மின்சாரம் தரும் கருவி) வழியாகத் திரும்ப மின்சாரமாக்குவதாக வைத்துக்கொள்வோம். மின்கலம் பாதியைத்தான் மின்சாரமாகத் தரும், மீதி சூடாகப் போய்விடும். எனவே ஒன்றரைக் கிலோ ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 முதல் 55 யூனிட் ஆகும். ஆக 25 யூனிட்டைத் திரும்ப எடுப்பதற்கு உள்ளே போட வேண்டியது 80 யூனிட். அழுத்தும் செலவு தனி. மூன்று மரக்கால் அளந்து போட்டால் ஒரு மரக்கால் திரும்பும். ராத்திரி விளக்குக்கும் விடிகாலைப் பாய்ச்சலுக்கும் இப்படிச் செய்பவனைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். லித்தியம் மின்கலம் அதே வேலைக்கு நூற்றுக்கு எண்பத்தைந்துக்குக் குறையாமல் திருப்பித் தருகிறது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் ஹைட்ரஜன் எந்த உருவத்திலும் போட்டியில் இல்லை. என் அட்டவணையில் இந்தச் செய்தி எங்குமே இல்லை. ஹைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேனே தவிர, ஹைட்ரஜன் வேண்டுமா என்பதற்கு நான் கட்டமே போடவில்லை.

இருபது நாள் என்றால் கணக்கு மாறுகிறது. இருபது நாளுக்கான லித்தியம் மின்கலத்தை ஆண்டு முழுவதும் சும்மா வைத்திருக்க முடியாது, விலை தாங்காது. ஆனால் வெல்டிங் பட்டறைகளில் நிற்கிறதே, ஆளுயர எஃகு சிலிண்டர், அதில் 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஏழு கன மீட்டர் ஹைட்ரஜன் அடங்கும், கிலோவில் அரைக்குக் கொஞ்சம் மேல். சிலிண்டரின் எடையோ ஐம்பது அறுபது கிலோ. எடையில் நூற்றுக்கு ஒன்று. என் அட்டவணையில் இதற்குச் சிவப்பு வண்ணம். ஏனென்றால் நான் பார்த்த எல்லா ஒப்பீடுகளும் காருக்காகப் போடப்பட்டவை. கார் தன் எரிபொருளைத் தானே சுமக்க வேண்டும், அதனால் எடை முக்கியம். 700 மடங்கு அழுத்தத்தில் கார்பன் இழைத் தொட்டியில் அடைக்கிறார்கள், நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எடை கிடைக்கிறது என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். அந்த இழையை அக்ரிலிக் நூலிலிருந்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள் என்பதையும், ஆயுள் முடிந்தபின் அதைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது பெரும்பாடு என்பதையும் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போடுகிறார்கள். சித்தப்பாவின் மோட்டார் கொட்டகை எங்கேயும் ஓடப் போவதில்லை. அங்கே எஃகு சிலிண்டர் மூன்று நின்றால் போதும், ஒரு நாள் பாய்ச்சலுக்கு ஆயிற்று. உள்ளே இருப்பது மாதக்கணக்கில் குறையாமல் இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை வைத்துத் தலைமுறைக் காலம் ஓட்டலாம், கடைசியில் உருக்கி வேறு எஃகாக்கலாம். எடைக்குச் சிவப்பு வாங்கியவன் இங்கே பச்சைக்கு வருகிறான்.

உலோகத்துக்குள் உறிஞ்ச வைக்கும் முறைக்கும் இதே அநியாயத்தைத்தான் செய்திருந்தேன். இரும்பும் டைட்டானியமும் கலந்த உலோகக் கலவை ஒன்று உண்டு. அறை வெப்பத்திலேயே, அதிக அழுத்தம் இல்லாமலேயே ஹைட்ரஜனை உள்ளே வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் சூடு காட்டினால் வெளியே விடும். எரிபொருள் மின்கலத்திலிருந்து வீணாகும் சூடே அதற்குப் போதும். ஆனால் எடையில் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. 1970களிலேயே அமெரிக்காவில் கண்டறிந்துவிட்டார்கள், காருக்கு ஆகாது என்று ஒதுக்கியும் விட்டார்கள். ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் மட்டும் இதை விடவில்லை. நீர்மூழ்கிக்கு எடை பாரம் இல்லை, வரம். லாந்தனமும் நிக்கலும் கலந்த வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அந்தச் சுரங்கங்கள் செய்யும் சேதம் தனிக் கதை. இரும்பு-டைட்டானியம் அப்படியில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் இல்மனைட் மணலில் இருப்பது இரும்பும் டைட்டானியமும்தான். (அந்த மணலை அள்ளுவதைப் பற்றிக் குமரி மாவட்டத்துக்காரர்களிடம் கேட்டால் என் வாயை அடைத்துவிடுவார்கள் என்பதும் தெரியும்.)

திரவ ஹைட்ரஜனுக்கு அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. பூச்சியத்துக்குக் கீழே 253 டிகிரிக்குக் குளிரவைக்க, அதிலுள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதன்பிறகும் எவ்வளவு நல்ல தொட்டியாக இருந்தாலும் நாளுக்கு நாள் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மகேந்திரகிரியில் இஸ்ரோ இதைக் கையாள்கிறது. நிரப்பிய பிறகு ராக்கெட்டின் மேல்கட்டம் பத்துப் பதினொரு நிமிடத்தில் அத்தனையையும் எரித்துத் தீர்த்துவிடுகிறது. எத்தனை நாளைக்கு என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை. கஜாவுக்கு மறுநாள் அந்தத் தொட்டியை நம்பி எந்த ஊரும் உட்கார முடியாது.

வேதாரண்யத்து உப்பு

கூட்டத்தில் ஓர் ஆசிரியர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். இங்கிலாந்தில் டீசைட் என்ற இடத்தில் 1972 முதல் பூமிக்கடியில் உப்புக் குகைகளில் ஹைட்ரஜன் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், "வேதாரண்யத்தில் உப்பு இருக்கிறதே, அங்கே வைக்க முடியாதா?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதில்லை. 1930இல் ராஜாஜி நடந்துபோய் அள்ளிய உப்பு, கடல்நீரைப் பாத்திகட்டி வெயிலில் காயவைத்து எடுப்பது. குகைக்கு வேண்டியது நிலத்துக்கடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கனமாக இறுகிக் கிடக்கும் பாறை உப்பு. தண்ணீரைச் செலுத்திக் கரைத்து உள்ளே வெற்றிடம் உண்டாக்குவார்கள். உப்புப் பாறை ஹைட்ரஜனைக் கசியவிடாது, அதனோடு வினைபுரியாது. நெடுநாள் சேமிப்பில் குறைந்த செலவிலும் குறைந்த சேதத்திலும் ஆகும் முறைகளில் இது ஒன்று. ஆடி மாதக் காற்றாலை மின்சாரத்தை ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு எடுத்து வைக்க வேண்டும் என்றால் அதற்கு ஏற்றது இதுதான். காவிரிப் படுகையில் அது இல்லை.

படுகையில் இருப்பது, எரிவாயு எடுத்துத் தீர்ந்த பழைய கிணறுகள். அந்த மணற்பாறையில் மறுபடி ஹைட்ரஜனைச் செலுத்தி வைக்கலாம் என்று ஆஸ்திரியா போன்ற நாடுகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். பாறைக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாகவும் அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயுவாகவும் மாற்றிவிடுவது அங்கே ஒரு சிக்கல். எங்கள் ஊரில் சிக்கல் வேறு. 2020இல் சட்டசபை டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய பிறகு, மூடிய கிணற்றைத் திறக்கிறோம் என்று யாராவது வந்து நின்றால் அந்த மூன்றாவது வரிசைப் பெரியவர் இந்தத் தடவை உட்கார மாட்டார். நானும் அவரோடு எழுந்து நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஹைட்ரஜன் கசிந்தால் தீங்கில்லை, மேலே போய்விடும் என்று நான்கூட ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். வளிமண்டலத்தில் மீத்தேனை அழிக்கும் சரக்கை அது தின்றுவிடுவதால் மீத்தேன் இன்னும் நெடுநாள் தங்குகிறது. அந்த வகையில் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கசியும் ஒரு கிலோ ஹைட்ரஜன் பதினொன்று பன்னிரண்டு கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று இப்போது கணக்கிட்டிருக்கிறார்கள். வைத்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க முடியாத சேமிப்பு முறைக்குப் பச்சை வண்ணம் தீட்ட எனக்கு இனிமேல் கை வராது.

நெல்லறையில்

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு மறுநாள் காலை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நெல்லறையில் இருந்தார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இடதுபக்கம் பலாப் பலகையில் செய்த பத்தாயம், என் தாத்தா காலத்தது. மேலே ஏணி வைத்துப் போடுவது, கீழே ஒரு முழச் சதுரக் கதவு வழியாக எடுப்பது. அதில் சாப்பாட்டு நெல். அதன் பக்கத்தில் திண்டு கட்டி அதன்மேல் ஐந்து சணல் சாக்கு, வாய் தைத்து நொச்சித் தழை செருகியவை. அது விதைநெல். விற்கிற நெல் இந்த வீட்டுக்குள் வருவதே இல்லை, களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையம். அங்கே ஈரப்பதம் நூற்றுக்கு 17 வரை எடுத்துக்கொள்வார்கள். விதைக்கு அந்த ஈரம் ஆகாது. நான்கு வெயில் கூடுதலாகக் காயவைத்து, பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். ஒரே வயலில், ஒரே நாளில் அறுத்த நெல்தான் மூன்றும்.

"நேற்று நீ சொன்னதில் ஒன்று எனக்குப் புரியவில்லை," என்றார். "ஹைட்ரஜனை அம்மோனியாவாக்கிக் கப்பலில் ஏற்றி, அங்கே போய் மறுபடி ஹைட்ரஜனாக்குவார்கள் என்றாயே, நிஜமா?"

நிஜம்தான் என்றேன். திரவ ஹைட்ரஜனில் கன மீட்டருக்கு 71 கிலோதான் ஹைட்ரஜன் இருக்கிறது, திரவ அம்மோனியாவில் 120 கிலோ. அதற்கு வேண்டிய குளிரும் வெறும் 33 டிகிரி, பூச்சியத்துக்குக் கீழே. நாகப்பட்டினம் ஐஸ் தொழிற்சாலைக்காரர்கள் தினமும் புழங்குகிற சரக்கு. ஆகவேதான் கப்பலில் இறக்குமதி செய்ய நினைக்கும் நாடுகள் அதை விரும்புகின்றன என்றேன்.

"ஏனப்பா, நெல்லை அரைத்து அரிசியாக்கி அனுப்பி, அங்கே போய் மறுபடி நெல்லாக்குவார்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விஷயம் அதுதான். நைட்ரஜனோடு கட்டிப்போட்ட ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டுமானால், வினையூக்கியின்மேல் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் உடைக்க வேண்டும். காகிதக் கணக்கிலேயே ஹைட்ரஜனின் ஆற்றலில் எட்டில் ஒரு பங்கு அதற்குப் போகும், உலையின் நடைமுறையில் இன்னும் அதிகம். கரிமத் திரவத்தின் கதை இதைவிட மோசம். டொலுயீன் போன்ற எண்ணெயில் ஏற்றிய ஹைட்ரஜனை இறக்க, ஏறத்தாழ 300 டிகிரிச் சூட்டில் அதன் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்தாக வேண்டும். மெக்னீசியத்துக்குள் வைத்தது எடையில் நூற்றுக்கு ஏழுக்கு மேல் பிடிக்கும், வெளியே எடுக்கக் கேட்கும் விலையோ எல்லாவற்றையும்விட அதிகம். போடும்போது இவையெல்லாம் சூட்டை வெளியே விடுகின்றன, அப்போது அதை வாங்க ஆளில்லை. எடுக்கும்போது கேட்கின்றன, அப்போது கொடுக்கச் சூடு இல்லை. பத்தாயத்துக்கு மேலே ஏணி மட்டும் வைத்துவிட்டுக் கீழ்க் கதவை மறந்த தச்சன் மாதிரி நான் அட்டவணை போட்டிருக்கிறேன்.

சித்தப்பா அறையின் மூலைக்குப் போனார். அங்கே தாளடிக்கு வாங்கி மீந்த யூரியா மூட்டை ஒன்று கிடந்தது. வாய் சரியாகக் கட்டாமல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, மேல்பாகம் பாறையாக இறுகிப்போயிருந்தது. மண்வெட்டிக் காம்பால் நாலு தட்டுத் தட்டினார். கட்டி உடைந்து, வெள்ளை மணிகள் தரையில் சிந்தின. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூட்டைக்குள் போட்டார், மூட்டை 266 ரூபாய் 50 காசு என்பதற்காக இல்லை, சிந்தினதைப் பொறுக்காமல் அவரால் எழுந்திருக்க முடியாது. நானும் பொறுக்கினேன். லேசாக அந்த வாடை வந்தது. இருபத்தாறு வருடம் என் சட்டையில் ஒட்டியிருந்த வாடை.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. 45 கிலோ மூட்டை இது. யூரியாவுக்கு மூலம் அம்மோனியா, அம்மோனியாவுக்கு மூலம் ஹைட்ரஜன். இதைச் செய்ய நாலரைக் கிலோ ஹைட்ரஜன் போயிருக்கிறது. ஏக்கருக்குத் தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே இட்டால் மூன்று மூட்டை, அப்படியானால் ஓர் ஏக்கர் சம்பாவுக்குள் பதின்மூன்றரைக் கிலோ ஹைட்ரஜன் போகிறது. அந்த ஹைட்ரஜனை நாங்கள் நாஃப்தாவிலிருந்து எடுத்தோம், இப்போது எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள், கிலோவுக்கு ஒன்பது பத்துக் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஹைட்ரஜன் இங்கே என்றைக்கோ வரும், வந்தால் எதில் வைப்பது என்று மேடையில் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அது ஐம்பது அறுபது வருடமாக இந்த நெல்லறை மூலையில் சாக்கில் கிடக்கிறது. யாரும் அதைத் திரும்ப ஹைட்ரஜனாக்கப் போவதில்லை. அம்மோனியாவாகவே, தழைச்சத்தாகவே வயலுக்குப் போகிறது. காற்றிலும் வெயிலிலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால், அது முதலில் போக வேண்டிய இடம் இதுதான். அடைத்து வைத்து மின்சாரமாக்க வேண்டாம், கப்பலில் ஏற்றி உடைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதில் எவ்வளவு கப்பலேறும், எவ்வளவு சாக்குக்குள் போகும் என்பதுதான் நான் கவனிக்கும் விஷயம்.

இதை அப்படியே பாராட்டிவிட்டுப் போகவும் முடியவில்லை. யூரியாவுக்குள் கரியும் இருக்கிறது. ஒரு டன் யூரியாவுக்கு முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயு வேண்டும். எரிவாயுவை உடைக்கும் தொழிற்சாலையில் அது பக்கத்துக் குழாயிலேயே கிடைக்கும். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் அந்தக் கரிக்கு வேறிடம் தேட வேண்டும். அதுவும் வயலில் யூரியா கரைந்ததும் காற்றுக்கே போய்விடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக, பாஸ்பேட்டாக மாற்றும் உரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நெல் வயலில் தேங்கிய தண்ணீருக்கு நைட்ரேட் ஆகாது, வீணாகிவிடும். அப்புறம் அம்மோனியாவின் குணம். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் நிமிர்ந்து பார்ப்பது காற்றின் திசை காட்டும் துணிக்குழாயைத்தான். கசிந்தால் காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும், நேரே ஓடினால் அது கூடவே வரும். ஒரு தடவை பம்பு ஒன்றின் முத்திரை விட்டுப்போய், ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்திருக்கிறேன், இரண்டு நாள் கண் திறக்கவில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலுக்கடியில் போன குழாய் கசிந்தபோது மீனவக் குப்பங்கள் நள்ளிரவில் எழுந்து ஓடின. தொழிற்சாலைக்குள் பழகிய ஆட்களின் கையில் இருக்கும்வரை அம்மோனியா நல்ல சரக்கு. அதை டெல்டா நடுவே பெரிய தொட்டியில் தேக்கி, மின்சாரத்துக்காக உடைக்கிறோம் என்றால் முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன். கடற்கரைத் தொழிற்சாலையிலேயே அதைத் திடப்பொருளாக்கி, சாக்கில் அனுப்பட்டும். சாக்கு கசியாது, கட்டிதான் தட்டும்.

அட்டவணையை மாற்றினேன். வண்ணங்களை எடுத்துவிட்டேன். எத்தனை நாள், எதுவாக எடுப்பது, யார் காவல் என்று மூன்று கட்டங்கள் புதிதாகச் சேர்ந்தன. அம்மோனியாவுக்கு எதிரே ஒரே பதில் எழுத முடியாமல் அந்த வரிசையை இரண்டாகப் பிளந்தேன், உடைப்பதற்கு ஒன்று, உடைக்காததற்கு ஒன்று. ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் டெல்டாவில் எப்படி மின்சாரத்தை வைப்பது என்ற கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து சின்னதாக இருக்கிறது," என்றார்.

ஆவணியில் விதைச் சாக்கைப் பிரித்தார். சித்தி ஒரு முறத்தில் நூறு நெல் எண்ணிக் கொடுத்தார், எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. ஈரச் சணல் சாக்குத் துண்டில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, அடுக்களைத் திண்ணையில் நனைத்து நனைத்து வைத்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் நான் அங்கே இருந்தேன். சுருளைப் பிரித்தபோது வெள்ளை வேர்கள் சணலுக்குள் பின்னிக்கொண்டு இழுக்க வராமல் கிடந்தன. சித்தப்பா முளைக்காததை மட்டும் விரல் நகத்தால் தள்ளித் தள்ளி ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"எட்டு," என்றார்.